வேரியாபிலிஸ்: ஒரு பெயருக்குள் தொலைந்த தவளைகள்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த குரல் பதிவுகளில் ஒரு கேள்வி ரொம்பப் பிடிச்சுது. "எங்க பாத்ரூம் சுவத்துல காலையில வெளுத்துப்போய் ஒரு தவளை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ராத்திரி பார்த்தா அதே இடத்துல பழுப்பு நிறத்துல ஒண்ணு, உடம்பெல்லாம் புள்ளி. ஆப்ல போட்டோ ஏத்தினா ரெண்டுக்கும் வேற வேற பேர் காட்டுது. இது ரெண்டு தவளையா, ஒண்ணா?"

நான் பேசிக்கிட்டு இருக்கிறது பொம்மையார்பாளையத்துல இருந்து. புதுச்சேரியை விட்டு ஈ.சி.ஆர்ல வடக்கே வந்தா, ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் செம்மண்ணும் முந்திரித் தோப்பும். இன்னும் மேலே போனா மரக்காணம் உப்பளம். உப்பளத்துப் பாத்தியில தவளைக்கு வேலை இல்லை. ஆனா மழை பெய்ஞ்சு குட்டை நிரம்பிட்டா, அதுக்குப் பின்னாடி இருக்கிற ஏரிக்கரையில ராத்திரி தூங்க முடியாது. அதனால இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இந்த ஊர் தோதான இடம்தான்.

பதில்: பெரும்பாலும் ஒரே தவளைதான். நாம தேரைன்னு சொல்றோமே, தேங்காய் சொத்தையானா யார் தலையில பழியைப் போடுவோமோ, அதே ஆள். அறிவியல் பெயர் பாலிபிடேட்ஸ் மாக்குலாட்டஸ். வெளிச்சத்துல சுவத்துல ஒட்டியிருக்கும்போது வெளுத்துப்போகும், இருட்டுல, செடியில இருக்கும்போது கருத்துப்போகும். தவளைத் தோலுக்குள்ள நிறச் செல்கள் அடுக்கடுக்கா இருக்கு. மேலே மஞ்சள் நிறமி உள்ளவை, நடுவில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புறவை, அடியில் கறுப்பு நிறமி உள்ளவை. அந்தக் கறுப்பு, செல்லுக்குள்ள பரவினா தவளை கருக்கும், ஒரு புள்ளியில சுருங்கினா வெளுக்கும். பச்சைத் தவளைகளில் பலவற்றுக்குப் பச்சை நிறமியே கிடையாது. நடு அடுக்கு திருப்பி அனுப்புற நீல வெளிச்சம் மேலே இருக்கிற மஞ்சள் வழியா வரும்போது நம்ம கண்ணுக்குப் பச்சையாத் தெரியுது, அவ்வளவுதான். இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

நிறம் மாற வேற காரணங்களும் உண்டு. முதல் பெருமழைக்கு வயல்ல பளிச்சுனு எலுமிச்சை மஞ்சள்ல, தாடையில நீலப் பையோட கத்துற தவளைகளோட வீடியோ வருஷா வருஷம் வைரல் ஆகுது இல்லையா? 'புது இன மஞ்சள் தவளை'ன்னு யாராவது தலைப்பு போட்டுடுவாங்க. அது நம்ம பெரிய வயல் தவளைதான். இனப்பெருக்க சமயத்துல ஆண் மட்டும் மஞ்சளாகும், அப்புறம் பழையபடி பாசி நிறத்துக்கே வந்துடும். இன்னொரு பக்கம், பிறவியிலேயே வித்தியாசமா இருக்கிறவை. வயல்வரப்புல துள்ளுற சின்னத் தவளைகளைக் கவனிச்சிருக்கீங்களா? சிலதுக்கு முதுகு நடுவுல வெள்ளைக் கோடு இருக்கும், சிலதுக்கு இருக்காது. ஒரே குட்டை, ஒரே இனம்.

இப்ப இந்தத் தவளைகளுக்குப் பெயர் வைக்கிற வேலை உங்களுக்குக் கொடுத்தா என்ன பண்ணுவீங்க? அதுவும் ஊருக்கே வராம?

அப்படித்தான் நடந்துச்சு. இங்கிருந்து கடலோரமாவே தெற்கே போனா தரங்கம்பாடி. டேனிஷ்காரங்க இருந்த காலத்துல அங்கிருந்து பெர்லினுக்குப் போன உயிரினங்களில் ஒரு தவளையும் இருந்துச்சு. 1799ல் ஷ்னைடர் என்கிற ஜெர்மன் அறிஞர் அதுக்கு 'சயனோஃபிளிக்டிஸ்'னு பெயர் வெச்சார். கிட்டத்தட்ட 'நீலக் கொப்புளம்'னு அர்த்தம். அது நம்ம குளங்களில் காலடிச் சத்தம் கேட்டதும் தண்ணி மேலேயே தத்தித் தத்தி ஓடுமே, அந்தத் தவளை. உயிரோட பார்த்தா சேறும் பாசியும் கலந்த நிறம், நீலம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஷ்னைடர் பார்த்தது பதப்படுத்தின உடலை.

பாட்டில்ல நிறம் நிக்காது. மேல் அடுக்குல இருக்கிற மஞ்சள் நிறமி சாராயத்துல கரைஞ்சு போயிடும். அதனாலதான் அருங்காட்சியகத்துல பச்சைத் தவளை முதல்ல நீலமாகி, அப்புறம் சாம்பலாகிடும். ஆக, உயிரோட இருக்கும்போது நிறம் மாறிக்கிட்டே இருக்கு, செத்த பிறகு மறைஞ்சே போகுது. இதை நம்பி ஒரு நூற்றாண்டுக்கு மேல பெயர் வெச்சிருக்காங்க.

இதோட உச்சம் ஆப்பிரிக்காவில், நாணல் தவளைகள் விஷயத்துல. ஹைபரோலியஸ்னு ஒரு பேரினம். கட்டைவிரல் நுனியில உட்காரும், ஆனா கோடு, புள்ளி, சிவப்பு, மஞ்சள், கறுப்புன்னு ஊருக்கு ஊர் வேற சட்டை. குட்டியா கரையேறும்போது மங்கின பழுப்பு, வளர்ந்ததும் பெண் வண்ணத்துக்கு மாறும், ஆண்களில் சிலது குட்டி நிறத்துலேயே இருந்துடும். 1931ல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ஆல் என்பவர் அருங்காட்சியகத்து உடல்களை வெச்சு இந்தப் பேரினத்துல புதுப் பெயர்களை மானாவாரியா வெச்சுத் தள்ளினார். பின்னாடி வந்தவங்க அவற்றில் நிறைய பெயர்களை 'இது ஏற்கனவே பெயர் உள்ள தவளை'ன்னு அடிச்சாங்க. டி.என்.ஏ வந்த பிறகு பார்த்தா, நிறம் போட்ட எல்லைக்கோடும் மரபணு போட்ட எல்லைக்கோடும் பல இடத்துல சேரவே இல்லை. அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியலை.

அது ஒரு வகைத் தப்பு: ஒரே இனத்தைப் பத்தாப் பிரிக்கிறது. வேடிக்கையா இருக்கும், திருத்திடலாம். எனக்கு இதுக்கு நேர் எதிரான தப்புதான் பயமா இருக்கு. அது நமக்குப் பக்கத்துலேயே, இலங்கையில நடந்துச்சு.

19ஆம் நூற்றாண்டின் நடுவில், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல ஆல்பர்ட் குந்தர், இலங்கையிலிருந்து வந்த சின்னப் புதர்த் தவளைகளைப் பார்த்தார். ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை. அவர் வெச்ச பெயர் இக்சாலஸ் வேரியாபிலிஸ். லத்தீன்ல 'மாறக்கூடியது'. நியாயமான பெயர்தான். ஆனா அந்தப் பெயர் அடுத்த நூறு வருஷத்துக்கு ஒரு குப்பைக்கூடை மாதிரி ஆகிடுச்சு. இலங்கையானாலும் தென்னிந்தியாவானாலும், மலைக்காட்டுல அடையாளம் பிடிபடாத சின்னப் புதர்த் தவளை கிடைச்சா இதுக்குள்ள போட வசதியா இருந்துச்சு. நிறம் வேறயா? 'ஆமா, இது மாறக்கூடியது, பெயரே சொல்லுதே!' கால் வேற மாதிரியா? அதுவும் மாறும்தான். ஒரு பெயர் எல்லாக் கேள்விக்கும் முன்கூட்டியே பதில் சொல்லிட்டா, யாரும் திரும்பக் கேட்க மாட்டாங்க.

அதே காலத்துல அந்த மலைகள்ல காடு போய்க்கிட்டிருந்துச்சு. முதல்ல காப்பி, அதுக்கு இலைநோய் வந்ததும் தேயிலை. அந்தக் காட்டை வெட்டித் திருத்தினது யாருன்னா, நம்ம பக்கத்துல இருந்து கப்பலேத்திக் கொண்டுபோன தமிழ்க் கூலித் தொழிலாளர்கள். அது தனி எபிசோடு, ஒரு நாள் கண்டிப்பா பண்ணுவோம். தவளைப் பக்கம் நடந்தது இது: இந்தப் புதர்த் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. ஈர மண்ணுலயோ இலையிலயோ முட்டை போடும், உள்ளேயிருந்து நேரா குட்டித் தவளையா வெளியே வரும். அந்த ஈரக் காட்டு நிழல் போச்சுன்னா குட்டையைத் தேடிப் போற வழியும் அதுக்கு இல்லை.

1990களில்தான் தீவு முழுக்க முறையா தேடினாங்க. மாதவ மீகஸ்கும்புரவும் கூட இருந்தவங்களும் 2002ல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டப்போ, இலங்கையில மொத்தம் 140 தவளை இனங்கள் வரை இருக்கலாம்னு கணக்கு வந்துச்சு. 2005ல் மானமேந்திர ஆரச்சியும் ரோஹன் பெத்தியகொடவும் ஒரே கட்டுரையில 27 புது இனங்களுக்குப் பெயர் வெச்சாங்க. சந்தோஷமான செய்தி மாதிரி இருக்கு இல்ல? இன்னொரு பாதி இருக்கு. பழைய அருங்காட்சியக உடல்களோட ஒப்பிட்டப்போ, கிட்டத்தட்ட இருபது இனங்கள் பாட்டில்ல மட்டும்தான் இருந்துச்சு, காட்டுல கிடைக்கலை. அதுல ஒண்ணு வேரியாபிலிஸே. உண்மையான வேரியாபிலிஸ், அந்தப் பெயருக்குச் சொந்தமான தவளை, இன்னைக்கு ஐ.யு.சி.என் பட்டியலில் 'அழிந்துபோனது'. அந்தப் பெயரைச் சுமந்த மத்த தவளைகள் கத்திக்கிட்டு இருந்ததால, இது போனதே தெரியலை. ஒரு விதிவிலக்கு சொல்லணும்: ஸ்டெல்லாட்டஸ்னு உடம்பெல்லாம் நட்சத்திரப் புள்ளி வெச்ச ஒண்ணு, 1853ல் பெயர் வெச்சதோட காணாமப் போய், நூற்றைம்பது வருஷத்துக்கு மேல கழிச்சு சிவனொளிபாத மலைக் காட்டுல திரும்பக் கிடைச்சுது. 2013ல் அறிவிச்சாங்க.

இந்தப் பக்கம், நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில என்ன ஆச்சு? மதராஸ் படையில டாக்டரா இருந்த ஜெர்டான் 1853ல் நிறைய தவளைகளுக்குப் பெயர் வெச்சார். மாதிரி உடல்கள் தொலைஞ்சுபோச்சு. பெங்களூர் சென்ட்ரல் காலேஜ் பேராசிரியர் சி.ஆர். நாராயண ராவ் 1937ல் பல இனங்களை விவரிச்சார். அந்த உடல்களும் தொலைஞ்சுபோச்சு. பெயர் இருக்கு, சரிபார்க்க உடல் இல்லை. தாய்ப்பத்திரம் இல்லாத நிலம் மாதிரி.

2009ல் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி பொசுயிட்டும் 12 புதுப் புதர்த் தவளைகளை விவரிச்சாங்க. அதுல ஒண்ணோட பெயர் அக்ரோபரல்லாகி. கிரேக்கத்துல 'அதீதமா மாறுபடுவது'. கேட்டா குந்தர் சொன்னதையே திரும்பச் சொல்ற மாதிரி இருக்கும். ஆனா வேலை தலைகீழ். குந்தர் கையில் இருந்தது சில உடல்கள். இவங்க உயிரோட பார்த்து, அளந்து, மரபணுவையும் ஒப்பிட்டு, இவ்வளவு வேற வேற சட்டை போட்டிருந்தாலும் இது ஒரே இனம்தான்னு காட்டின பிறகுதான் 'மாறுபடுவது'ன்னு சொன்னாங்க. அடுத்த வருஷமே பேரினத்துக்கு ராவோர்கெஸ்டிஸ்னு புதுப் பெயர் வந்துச்சு. அதுல வர்ற 'ராவ்' நம்ம நாராயண ராவ்தான். உடல்களைத் தொலைச்சதுக்குப் பரிகாரம்னு நான் எடுத்துக்கிறேன்.

இதுல முக்கியமான சாட்சி எதுன்னா, குரல். தவளை தன் வாயால் கெடும்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க. பாம்புக்கு மட்டும் இல்லை, ஆராய்ச்சியாளருக்கும் அப்படித்தான் மாட்டும். பெண் தவளை இருட்டுல சட்டையைப் பார்த்து வர்றதில்லை, தன் இனத்தோட சத்தத்தைக் கேட்டுத்தான் வருது. பார்க்க ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு தவளை வேற வேற மாதிரி கத்தினா, சந்தேகப்பட ஆரம்பிக்கலாம். ஒரே மாதிரி கத்துற பச்சையும் பழுப்பும் பெரும்பாலும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க.

பெயர் வைக்கிற சட்டமும் இப்ப கறாரா இருக்கு. 1960க்குப் பிறகு 'இது ஒரு நிற வகை'ன்னு சொல்லி வைக்கிற லத்தீன் பெயர், விலங்கியல் பெயரிடல் விதிப்படி கணக்கிலேயே வராது. இதெல்லாம் நூலகச் சண்டை இல்லை. சிவப்புப் பட்டியல், சரணாலயம், சாலைக்கான சுற்றுச்சூழல் அறிக்கை எல்லாமே இனப் பெயரை வெச்சுத்தான் எண்ணுது. 'பரவலாகக் காணப்படுவது'ன்னு ஒரு பெயருக்குக் கீழே நாலு இனம் ஒளிஞ்சிருந்தா, அதுல ஒண்ணு ஒரே ஒரு மலையில மட்டும் இருந்தா, அந்த மலைக்கு அறிக்கையில மதிப்பு கிடையாது.

சரி, கேள்வி கேட்டவருக்கு. ஆப் காட்டுற பெயரை அப்படியே எடுத்துக்காதீங்க, அதுவும் முக்கால்வாசி நிறத்தையும் வடிவத்தையும்தான் பார்க்குது. ஐநேச்சுரலிஸ்ட்ல ஏத்தும்போது பக்கவாட்டுல ஒரு படம், விரல் நுனி தெரியிற மாதிரி ஒரு படம் எடுங்க. நேரம், இடம் சரியா போடுங்க. காலையும் ராத்திரியும் எடுத்ததைத் தனித்தனியா ஏத்துங்க, ஆனா குறிப்புல ரெண்டையும் சொல்லுங்க. ஐப்பசி மழை இறங்கினதும் கழுவெளிப் பக்கமோ உங்க தெருக்கோடிக் குட்டைக்கோ போய், போனை நீட்டி ஒரு நிமிஷம் சத்தத்தைப் பதிவு பண்ணுங்க. தவளையைப் பிடிக்க வேண்டாம், டார்ச்சை மூஞ்சியில அடிக்கவும் வேண்டாம்.

அந்தப் பதிவுகளை எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த வாரம் உங்க ஊர்க் குட்டைகளையே போட்டுக் கேட்போம்.