டவர் வந்தால் போதுமா?

(திருகோணமலை அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தை விட்டு இந்தப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களும் இங்கே இருக்கிறீர்கள். லயத்தில் இருக்கும் சொந்தங்களோடு இன்று பேசுவது வட்ஸ்அப்பில்தான். துறைமுகப் பக்கம் கவரேஜ் பிரச்சினை இல்லை. உட்கிராமத்தில் பிள்ளை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.

2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, பதுளை மாவட்டத்தில் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் ஒன்லைன் பாடத்துக்காகக் காட்டுக்குள் நடந்து பாறை ஏறினார்கள். தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்ததும் அதே ஆண்டுதான். கவரேஜ் இருந்த லயத்திலும் ஒரே போன், இரண்டு மூன்று பிள்ளைகள். டேட்டா முடிந்தால் பாடமும் முடிந்தது.

லாபம் இல்லாத இடத்துக்குக் கம்பனி தானாக வராது. அதனால்தான் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 'கமட்ட சன்னிவேதனய' திட்டத்தில் கம்பனிகளோடு சேர்ந்து கிராமங்களில் டவர் அமைக்கிறது. நல்லது, வரட்டும்.

ஆனால் நெனசல நிலையங்களை மறந்துவிடாதீர்கள். கோயிலிலும் நூலகத்திலும் கணினி வைத்தார்கள்; 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதுகூடக் கிடைத்தது. இணைப்புக்கான மானியமோ சில காலத்துக்குத்தான். அது நின்றதும் பில் கட்ட வழியில்லாமல் தடுமாறிய நிலையங்கள் உண்டு.

ஆகவே பொதுப்பணம் வாங்கும் கம்பனியிடம் விலையை எழுத்தில் வாங்க வேண்டும். மாணவர் டேட்டா பொதி என்ன விலை, எத்தனை வருடத்துக்கு? கரண்ட் போனால் டவரை ஓட்டுவது யார்? அந்த ஒப்பந்தம் தமிழிலும் பிரதேச செயலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும்.

மனு வாசலில் இருக்கிறது. வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.