‘கன்ஃப்யூஷன்ஸ்’: சென்னைக் குழு ஒன்றின் இசைத்தட்டு



செகந்திராபாத்தின் லாலாகுடா இரயில்வே குடியிருப்புகளை அறிந்தவர்களுக்கு ஆங்கிலோ-இந்தியரின் நடன இசை புதிதன்று. நம் பெரம்பூரிலும் அவ்வாறே. இரயில்வே இன்ஸ்டிடியூட்டில் கித்தாரும் டிரம்ஸும் முழங்கிய காலம் உண்டு. இந்த வழியாகவும் கல்லூரி விழாக்களின் வழியாகவும் 1960களின் பிற்பகுதியில் சென்னையில் மின்கித்தார்க் குழுக்கள் சில தோன்றின. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘கன்ஃப்யூஷன்ஸ்’. குழப்பங்கள் என்று பொருள். தம் குழுவுக்குத் தாமே இப்படியொரு பெயரைச் சூட்டிக்கொண்ட இளைஞர்களின் துணிவை மெச்சத்தான் வேண்டும்.

அக்காலத்தில் மேல்நாட்டில் ‘சைக்கடெலிக்’ என்னும் மனமயக்க இசை பரவியிருந்தது. அதன் அடையாளம் முறுமுறுக்கும் கித்தார் ஒலி. கருவியின் ஒலியை அளவுக்கு மீறிப் பெருக்கினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு போகும். இழைந்த நாதம் கரகரத்து நீளும். பிழை என்று பொறியாளர் ஒதுக்கியதைக் கலைஞர் அழகாகக் கொண்டனர். அதே இசையில் நம் தம்பூராவின் சுருதியும் சிதாரும் கலந்திருந்தன. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1968 ஜனவரியில் பம்பாய்க்கே வந்து நம் வித்துவான்களைக் கொண்டு ஒலிப்பதிவு செய்தார். அவர்கள் நம் தம்பூராவைத் தேடி வந்தார்கள். நம் பிள்ளைகளோ அவர்களுடைய கித்தாரைத் தேடிப் போனார்கள்.

தேடிப் போவது எளிதாக இல்லை. அந்நியச் செலாவணிப் பஞ்ச காலம் அது. வெளிநாட்டுக் கித்தார் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை எட்டாது. இசைத்தட்டுக் கம்பெனிக்குத் திரைப்பாட்டு இருக்க, இவர்களைத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

இந்நிலையில் கைகொடுத்தது ஒரு சிகரெட்டு விளம்பரம். சிம்லா என்னும் சிகரெட்டின் பெயரால் நடந்த அகில இந்திய ‘சிம்லா பீட்’ போட்டிதான் அது. 1970, 1971 ஆகிய ஆண்டுகளின் குழுக்களைக் கொண்டு இரண்டு நெடுந்தட்டுகள் வெளியாயின. (2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு புகையிலைக் கம்பெனி எதுவும் இப்படி விழா எடுக்க இயலாது. அது நல்லதே, ஆயினும் இந்த ஒரு கடனை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.) ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், பெங்களூரின் டைனோசர்ஸ் முதலிய குழுக்களோடு கன்ஃப்யூஷன்ஸும் முதல் தட்டில் இடம்பெற்றது.

டைனோசர்ஸ் குழுவினர் பாடியது அமெரிக்கக் குழு ஒன்றின் பாட்டு. பிறர் பாட்டை அச்சு மாறாமல் பாடிக் காட்டுவதே அன்று திறமை எனப்பட்டது. கன்ஃப்யூஷன்ஸ் குழுவினரோ ‘வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் சோல்’ என்ற தம் சொந்தப் பாட்டைப் பாடினார்கள். உள்ளுயிரின் குரல் என்று அத்தலைப்பைச் சொல்லலாம். சில நிமிடங்களே ஓடும் பாட்டு. கித்தார் கரகரக்கிறது, குரல் எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் வருகிறது. பதிவு அப்பழுக்கற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரவல் குரலில்லை.

ஆங்கிலத்தில் பாடியதை இசைத்தமிழ் என்பதா என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படிச் சொல்ல வரவில்லை. சென்னையில் பிறந்து, சென்னையின் புழுக்கத்தில் ஒத்திகை பார்த்த இசை என்றால் யார் மறுப்பார்? தெலுங்கும் உருதும் வழங்கும் ஊரில் வாழும் நமக்கு, வேற்று மொழியில் தன் மனத்தைச் சொல்ல நேரும் நிலை தெரியாததன்று.

அக்குழுவின் வாழ்வு நீளவில்லை. சில பத்தாண்டுகள் கழிந்தபின், ஐரோப்பிய சேகரிப்பாளர்கள் அந்தத் தட்டுகளைத் தேடியெடுத்து மறுபதிப்புச் செய்தனர். கன்ஃப்யூஷன்ஸ் என்ற பெயர் சென்னையில் மறந்துபோயிற்று. கடல் கடந்த நாடுகளில் விலை போயிற்று.

அன்பர்களே, அந்நாளில் இருபது வயதாக இருந்தோர் இன்று எழுபதைக் கடந்திருப்பர். வேலையை முன்னிட்டு ஊர் மாறியவர்களும் அவர்களுள் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய தட்டோ, மேடைப் புகைப்படமோ, கல்லூரி விழா நிகழ்ச்சி நிரலோ கிடந்தால் பழைய காகிதக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். தட்டானால் நிமிர்த்தி வையுங்கள். படுக்கப் போட்டு அடுக்கினால் வளைந்துவிடும். புகைப்படமானால், அதில் நிற்பவர் பெயரைப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள்.