சிறு குழந்தைக்குத் தனிச் சமையல் வேண்டுமா?

(ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றியே பெரிதும் பேசப்படும் இம்முகாமில், இன்று குழந்தையின் சோற்றுக் கிண்ணத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இது வீட்டுப் பெண்களின் காரியமாயிற்றே, ஊராட்சிக்கும் உழவருக்கும் இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு அதற்கு விடை கூறுகிறது. நம் மாநிலத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. நெல்லும் பாலும் முட்டையும் விளையும் நாட்டில் இந்நிலை தகுமா?

தூர் கட்டும் பருவத்தில் இடத் தவறிய உரத்தைக் கதிர் வந்த பின் இட்டுப் பயனில்லை என்பதை உழவர்கள் அறிவார்கள். குழந்தைக்கும் முதல் இரண்டு ஆண்டுகளே அத்தகைய பருவம். அப்போது குன்றிய வளர்ச்சியைப் பின்னாளில் முழுவதும் ஈடு செய்தல் அரிது.

‘என் பிள்ளை சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறது’ என்பது பல தாய்மார்களின் குறை. முதல் ஆண்டு முடிவில் குழந்தையின் எடை, பிறந்தபோது இருந்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. இரண்டாம் ஆண்டிலோ இரண்டு, இரண்டரை கிலோ அளவே கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிவது இயற்கை. புதிய உணவைக் கண்டு மிரள்வதும் அவ்வயதின் இயல்பே. ஆகவே, மடியில் கிடத்திப் புகட்டுவதும், அடித்து ஊட்டுவதும் வேண்டா. ஒரு முறை துப்பிய கீரையை, ஒரு வாய் அளவே, மறுபடியும் மறுபடியும் பல நாள் வைத்துப் பார்க்க வேண்டும். எட்டுப் பத்து முறை கண்ட பிறகே பல குழந்தைகள் ஓர் உணவை ஏற்கின்றன. பெரியவர்களுடன் உட்கார்ந்து, தன் கையாலேயே அள்ளி உண்ணும் குழந்தை, தந்தை உண்பதைப் பார்த்துத் தானும் உண்ணப் பழகும்.

இதற்குத் தனிச் சமையல் தேவையில்லை. ஒரே அடுப்பு, ஒரே பானை போதும். மிளகாயும் புளியும் சேருமுன் குழந்தையின் பங்கை எடுத்து வைப்பதே முறை. சாம்பாருக்கு வெந்த பருப்பில் இரண்டு கரண்டியும், வெந்த பூசணித் துண்டும் எடுத்து, குழைந்த சோற்றுடன் மசித்து, ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுப் பிசைந்தால் அருமையான உணவாகும். கீரை கடையும் நாளில் அதனைச் சோற்றில் கலந்து, எலுமிச்சைச் சாறு சில துளி பிழிந்து கொடுக்கலாம். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர அது துணை செய்யும். மீன் வாங்கும் நாளில் ஒரு துண்டை மஞ்சளுடன் தனியே வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்துக் கொடுக்கலாம். கேரட்டைத் துருவி இட்லி மாவில் கலக்கலாம். முருங்கைக் கீரையை நறுக்கிக் கேழ்வரகு அடையில் சேர்க்கலாம். முட்டையைத் தோசையின் மேல் ஊற்றி நன்கு வேகவிடலாம். மாலையில் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோ வாழைப்பழமோ பப்பாளியோ கொடுக்கலாம். நிலக்கடலையை முழுதாகக் கொடுத்தால் மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். வறுத்துப் பொடித்துக் கஞ்சியில் கலப்பதே நன்று.

குழந்தையின் வயிறு சிறியது. நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமேயன்றி வலிமை தராது. கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சினால், மாவு அதிகம் சேர்த்தாலும் கெட்டிப்படாமல் இருக்கும். ஆறு மாதம் நிறைந்ததும் நாளுக்கு இரண்டு மூன்று வேளையும், ஒன்பது மாதத்துக்குப் பின் மூன்று நான்கு வேளையும் உணவு வேண்டும். இடையில் ஓரிரு முறை சிற்றுணவும் தரலாம். தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும் தொடர்தல் நலம்.

இனி, உழவர் பெருமக்களுக்கு ஒரு சொல். தாய் நடவுக்கோ களையெடுப்புக்கோ சென்றபின் குழந்தை பாட்டியின் பொறுப்பில் இருக்கிறது. அழுகையை நிறுத்தத் தேநீரும் ரொட்டித் துண்டும், கடையில் தொங்கும் பொட்டலத் தின்பண்டமும் கைக்கு வருகின்றன. தேநீர் இரும்புச்சத்தைச் சேரவிடாமல் தடுக்கும். பொட்டலமோ பசியைக் கொன்றுவிடும். பின்னர் சோறு இறங்காததில் வியப்பென்ன? பாலைச் சங்கத்தில் ஊற்றிவிட்டு, முட்டையைச் சந்தையில் விற்றுவிட்டு, அந்தக் காசில் பொட்டலம் வாங்குவது எவ்வகைக் கணக்கு? விற்பதற்கு முன், ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு ஓர் ஆழாக்குப் பாலும் ஒரு முட்டையும் வீட்டில் நிற்கட்டும். பால் மட்டுமே போதும் என்றும் எண்ணவேண்டா. அளவுக்கு மீறிய பால் சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஊராட்சி உறுப்பினர்களின் கடமையும் பெரிது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அங்கன்வாடி மையங்களில் சத்துமாவு வழங்கப்படுகிறது, எடை பார்க்கப்படுகிறது. அந்த மாவு குழந்தையின் வாய்க்குப் போகிறதா, ஆட்டுத் தொட்டிக்குப் போகிறதா என்பதைத் தங்கள் வார்டில் உறுப்பினர்கள் விசாரிக்கலாம். மையத்தில் குடிநீரும் கழிப்பறையும் தராசும் ஒழுங்காக உள்ளனவா என்பதைக் கிராம சபையில் கேட்கலாம். அதன் வேலியோரம் முருங்கையும் பப்பாளியும் நடலாம். வயிற்றுப்பூச்சியும் பசியைக் கெடுக்கும். ஆகையால் பூச்சி மாத்திரை வழங்கும் நாளில் ஒரு குழந்தையும் விடுபடாதபடி பார்க்கலாம். உண்ண மறுப்பதோடு எடையும் ஏறாமல் நின்றாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, அது பிடிவாதம் அன்று, நோயின் அறிகுறி; தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுமாறு பெற்றோருக்கு எடுத்துரைக்க வேண்டும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அரசாணையும் வேண்டா, நிதி ஒதுக்கீடும் வேண்டா. மிளகாய்ப்பொடி போடுமுன் ஒரு கரண்டி பருப்பை எடுத்து வைக்கும் கையும், அதை நினைவூட்டும் வீட்டுத் தலைவரும் இருந்தால் போதும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தங்கள் ஊர்க் குழந்தைகளின் எடைப் பதிவேட்டை ஒரு பொருளாக வைத்து ஆராயுமாறு ஒவ்வோர் உறுப்பினரையும் கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.