பெயரை மறைத்தால் ஆள் மறைவாரா?
(தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“முகநூலில் பொய்ப் பெயரில்தானே எழுதுகிறோம், யாருக்குத் தெரியப்போகிறது?” என்று இளந்தொழிலாளர்கள் கேட்கிறார்கள்.

பெயரை மாற்றினோம், சரி. கணக்குத் தொடங்கிய கைபேசி எண் யாருடையது? அடையாளச் சான்று கொடுத்தல்லவா சிம் வாங்கினோம்! 2021ஆம் ஆண்டு வந்த மத்திய அரசின் விதிகளோ, செய்தியை முதலில் அனுப்பியவர் யாரென்று கோர்ட்டு கேட்டால் பெரிய செய்திச் செயலிகள் காட்டவேண்டும் என்கின்றன.

அது போகட்டும். மேஸ்திரிக்குக் கோர்ட்டு உத்தரவு எதற்கு? “இரவு ஷிப்டு ஸ்பின்னிங்கில் நேற்று அரைச் சம்பளம் பிடித்தார்கள்” என்று எழுதினால், பிடிபட்ட இரண்டு பேரில் எழுதியவர் யாரென்று கண்டுகொள்ள மாட்டாரா? “கீழ்வயல் நடவுக்குக் கூலி குறைந்தது” என்றால் பண்ணையாருக்கு ஆள் தெரியாதா? குழுவிலுள்ள ஒருவர் அதைப் படம் பிடித்து அனுப்பினாலும் போதுமே!

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமையை நாம் விடமாட்டோம். ஆனால் தீர்ப்பு வேலைநீக்கத்தைத் தடுத்து நிற்காது.

ஆகவே, கூட்டாளியின் பெயரையும் படத்தையும் அவரைக் கேளாமல் போடாதீர்கள். ஒருவர் ஒளிந்து எழுதினால் ஒருவர் அகப்படுவார். நூறு பேர் கையெழுத்திட்டு நேரில் கொடுத்தால் யாரைத் தனியே பிரிப்பார்கள்?