ஒரே பந்தியில் அமர்ந்த ஆசிரியர்கள்

(நம் ஆதரவாளர்களும் பக்கத்து ஊர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் கூடிவந்த நன்றி ஆராதனையில், ஆஸ்பத்திரிப் போதகர் அளித்த செய்தி)





வியாதியஸ்தருக்காக வருஷந்தோறும் காணிக்கை அனுப்புகிற நீங்கள், இன்றைக்கு வார்டுகளைப்பற்றிக் கேட்கலாமென்று வந்திருப்பீர்கள். ஆனால் நாம் தொடக்கப்பள்ளி ஆசிரியரைப்பற்றிச் சிந்திக்கப்போகிறோம். அதற்குக் காரணம் உண்டு. மருந்துச் சீட்டை வாசிக்கத் தெரியாத தாய், மூன்று வேளைக்குரிய மாத்திரையை ஒரே வேளையில் கொடுத்துவிடுகிறாள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவேண்டுமென்று யாரும் சொல்லிக்கொடுக்காத பிள்ளை, வயிற்றுப்போக்கோடு எங்களிடம் வந்து சேருகிறது. வார்டில் நாங்கள் காண்கிற துன்பத்தில் ஒரு பங்கை ஒரு நல்ல ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் தடுத்திருக்கலாம். ஆஸ்பத்திரியும் பள்ளியும் ஒரே ஊழியத்தின் இரண்டு கைகள்.

அப்படியானால் நல்ல பள்ளி எதனால் உண்டாகிறது? கட்டடத்தாலா? நல்ல ஆசிரியரால் என்று எல்லாரும் சொல்லிவிடுவோம். அந்த நல்ல ஆசிரியர் எதனால் உண்டாகிறார் என்று மட்டும் நாம் அதிகமாகக் கேட்பதில்லை. இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே பதில் சொன்ன ஒருவர் கத்தோலிக்கத் திருச்சபையில் இருந்தார். நம்மில் பலர் வேறு சபையைச் சேர்ந்தவர்களானாலும், அவரிடத்தில் கற்றுக்கொள்ள நாம் வெட்கப்படவேண்டியதில்லை.

அவர் பெயர் ஜான் பாப்டிஸ்ட் டி லா சால். பிரான்சு தேசத்து ரைம்ஸ் நகரில் 1651-ஆம் ஆண்டு செல்வக் குடும்பத்தில் பிறந்தார். பதினாறு வயது நிறையுமுன்னே அந்நகரப் பேராலயத்தில் நல்ல வருமானமுள்ள கானன் பதவி அவருக்குக் கிடைத்தது. 1678-இல் குருவானார். பள்ளி நடத்தும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லை.

1679-இல் ஆட்ரியன் நியெல் என்ற பொதுநிலையினர் ஏழைச் சிறுவருக்கு இலவசப் பள்ளி தொடங்க ரைம்ஸுக்கு வந்தார். டி லா சால் அவருக்கு உதவி செய்தார். நியெல் வைராக்கியமுள்ளவர். ஒரு பள்ளி திறந்தவுடன் அடுத்ததைத் திறக்க ஓடுவார். பள்ளிகள் பெருகின. ஆனால் அவற்றில் வேலைக்கு வந்த வாலிபர்கள் அரைகுறையாய்ப் படித்தவர்கள். எப்படிக் கற்பிப்பதென்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களை விசாரிக்க ஓர் ஆளும் இல்லை. பள்ளி திறப்பதற்கு ஆள் இருந்தார். ஆசிரியரைப் பராமரிக்கத்தான் ஆள் இல்லை.

டி லா சால் இதைக் கவனித்தார். முதலில் அந்த ஆசிரியர்களுக்கு ஒரு வாடகை வீடு பார்த்துக் கொடுத்தார். பிறகு 1680-இல் சாப்பாட்டுக்குத் தம் வீட்டிற்கே வரச் சொன்னார். 1681 ஜூன் 24-ஆம் தேதி அவர்களைத் தம் வீட்டிலேயே குடியேற்றினார். இது எளிதாக நடந்த காரியமென்று எண்ணவேண்டாம். அந்த ஆசிரியர்களைத் தம் வீட்டு வேலையாளைவிடத் தாழ்ந்தவர்களாகவே தொடக்கத்தில் மதித்ததாக அவரே பின்னாளில் எழுதிவைத்தார். அப்படிப்பட்டவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்தார். உறவினர் சீறினார்கள். அவருடைய பொறுப்பில் வளர்ந்த தம்பிமாரில் சிலரை அந்த வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். 1682-இல் அவரும் ஆசிரியர்களும் வேறொரு வாடகை வீட்டிற்குப் போனார்கள். அந்த ஒழுங்கைத் தாங்கமாட்டாமல் முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் விலகிவிட்டார்கள். ஆனாலும் வேறு வாலிபர்கள் வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்களுக்கும் ஒரு பயம் இருந்தது. முதுமையிலும் வியாதியிலும் எங்களை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். தேவன் பார்த்துக்கொள்வார் என்று அவர் ஆறுதல் சொன்னபோது, உமக்குச் சொத்தும் பதவியும் இருக்கிறது, எங்களுக்கு என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்கள். பிரியமானவர்களே, கொடுக்கிற கையையுடைய நாம் எல்லாரும் நின்று கேட்கவேண்டிய கேள்வி இது. டி லா சால் 1683-இல் கானன் பதவியை விட்டார். அடுத்து வந்த பஞ்ச காலத்தில், 1684-85 குளிர்காலத்தில், தம் சொத்தை விற்றுப் பசித்தவர்களுக்கு அப்பமாகப் பங்கிட்டார். அதன்பின் அவரும் அந்த ஆசிரியர்களைப்போலவே ஏழையானார். அவருடைய ஆறுதல் வார்த்தைக்கு அன்றுதான் பெலன் வந்தது.

அந்த வீட்டில் நடந்த பயிற்சி எப்படிப்பட்டது? பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பாடம் சொல்லும் வழக்கத்தை மாற்றி, ஒரே நிலையிலுள்ளவர்களைச் சேர்த்து ஒரே பாடம் நடத்த ஆசிரியர்கள் பழகினார்கள். முதலில் லத்தீனை அல்ல, பிள்ளைகள் பேசுகிற பிரெஞ்சையே வாசிக்கக் கற்பித்தார்கள். தாய்மொழியில் எழுத்தறிந்த நமக்கு அதன் அருமை தெரியும். அனுபவமுள்ள ஆசிரியர்களோடு கலந்து பேசி, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்த்தே அவர் பள்ளி நடத்தும் முறையைப்பற்றிய நூலை எழுதினார். அவர் மறைந்த மறு வருஷம், 1720-இல், அது அச்சானது.

புது ஆசிரியரை உருவாக்குகிறவர் எவைகளைக் களையவேண்டுமென்றும் அவருடைய சகோதரர்கள் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். அதில் முதலாவது, ஓயாமல் பேசுகிற ஆசை! (போதகர்களாகிய எங்களுக்கும் அது பொருந்தும்.) கடுமை, பட்சபாதம், மனச்சோர்வு ஆகியவையும் அதில் உண்டு. பிள்ளைக்குப் பிள்ளை சுபாவம் வேறுபடுவதைக் கவனியாதிருப்பதும் ஒரு குறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இவைகளைத் தனியாயிருக்கிற ஆசிரியர் தம்மிடத்தில் கண்டுபிடிக்கமாட்டார். பக்கத்தில் இருந்து பார்க்கிற ஒருவர், அன்போடு சொல்லவேண்டும்.

ஆசிரியரும் களைத்துப்போவார்கள் என்பதை அவர் மறக்கவில்லை. வேலைப் பளுவினால் சகோதரர்கள் வியாதிப்பட்டார்கள். சிலர் இளவயதிலேயே இறந்தார்கள். 1691-இல் பாரிஸுக்கு அருகே வோஜிரார் என்ற கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அவர்கள் இளைப்பாறவும், விடுமுறையில் ஒன்றாய்க் கூடித் தியானிக்கவும் வழிசெய்தார். அதே ஆண்டு நவம்பரில் இரண்டு சகோதரர்களோடு சேர்ந்து, பிச்சையெடுத்து வெறும் அப்பம் தின்ன நேர்ந்தாலும் பிரிவதில்லை என்று பொருத்தனை செய்தார். 1719-இல் பெரிய வெள்ளியன்று ரூவான் நகரில் காலமானார். 1900-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. 1950-இல் பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

இன்றும் அவருடைய சகோதரர்களின் பள்ளிகள் பல தேசங்களில் நடக்கின்றன. ஆனால் அவைகளில் கற்பிக்கிறவர்களில் பெரும்பாலோர் குடும்பஸ்தர்கள். பஸ் பிடித்து வந்து, மாலையில் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள். நம் ஊர்க் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகளிலும் அப்படித்தான். ஒரே வீட்டில் வாழ்வது இப்போது கூடாத காரியம். அப்படியானால் அந்தப் பந்தி முடிந்துபோயிற்றா?

முடியவில்லை என்பதே எங்கள் எண்ணம். நம் ஆஸ்பத்திரியைப் பாருங்கள். நர்சிங் மாணவியை முதல் நாளே தனியாக ஊசி போட விடுகிறோமா? மூத்த சிஸ்டர் பக்கத்தில் நிற்கிறார். இரவு டூட்டி முடிகிறவர், காலையில் வருகிறவரிடம் ஒவ்வொரு படுக்கையாகச் சொல்லிவிட்டே போகிறார். ஆனால் பள்ளியில், புதிதாய் வந்த ஆசிரியையிடம் நாற்பது பிள்ளைகளை ஒப்படைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம். அவர் தடுமாறினால் யாருக்கும் தெரியாது. தெரியும்போது அவர் ராஜினாமா எழுதியிருப்பார், அல்லது பிரம்பை எடுத்திருப்பார். இரண்டிலும் நஷ்டப்படுவது பிள்ளைதான்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களே, மாதத்தில் ஒரு பிற்பகலாவது ஒன்றாய் உட்காருங்கள். ஒருவர் வகுப்பில் மற்றவர் போய்ப் பின் பெஞ்சில் அமர்ந்து பாருங்கள். வாசிக்கத் திணறுகிற பிள்ளையின் பெயரைச் சொல்லி, எல்லாரும் யோசியுங்கள். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை ஒரே மேசையில் திறங்கள். புதியவர் தனியாகச் சாப்பிடாதிருக்கட்டும்.

ஆதரவாளர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வகுப்பறை கட்டிக்கொடுத்தால் சுவரில் கல் பதிப்பார்கள். ஓர் ஆசிரியை பத்து நாள் பயிற்சிக்குப் போக, அவருக்குப் பதில் வருகிறவருடைய சம்பளத்தை நீங்கள் கொடுத்தால் எந்தக் கல்லும் பதியமாட்டார்கள். வகுப்பறைகள் வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் நியெலைப்போலத் திறந்துவைக்கிறவர்கள் நம்மில் அநேகர். டி லா சாலைப்போலப் பராமரிக்கிறவர்கள் சிலர். அடுத்த முறை ஒரு பள்ளிக்குப் போகும்போது, எத்தனை அறைகள் என்று கேட்பதற்குமுன், புதிதாய் வந்த ஆசிரியருக்கு யார் துணை என்று கேளுங்கள். துணை இல்லையென்றால், உங்கள் காணிக்கைக்கு அங்கே இடமிருக்கிறது.

ஐந்தப்பத்தையும் இரண்டு மீனையும் ஆசீர்வதித்துப் பந்தியமர்த்தின ஆண்டவர், நம் பிள்ளைகளுக்குப் போதிக்கிறவர்களையும், அவர்களைத் தாங்குகிற உங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.