தொட்டுக் கற்போம்



நாம் மாணவராயிருந்த நாளில் ஆய்வுக்கூடக் கருவிகள் கண்ணாடி அலமாரியில் பூட்டுண்டு கிடந்தன. கடைசி வரிசையில் நின்று பார்த்தோம். கை நீட்டினால் "தொடாதே" என்ற குரல் வந்தது. பள்ளியில் தண்ணீர்க் குழாயைத் தொட உரிமையின்றிப் பயின்றவர் அண்ணல் அம்பேத்கர். ஆகவே அச்சொல்லின் சூட்டை உங்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

அவ்வாறு எட்டி நின்றே நாம் கண்ட கருவிகளுள் ஒன்று ஆசிலாஸ்கோப் என்னும் அலைகாட்டி. மின்னழுத்தம் நொடியின் நுண்பகுதிகளில் ஏறி இறங்குவதைத் திரையில் அலையாக வரைந்து காட்டுவது அது. 1897-இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌன் அமைத்த கதிர்க்குழாயிலிருந்து வளர்ந்தது. விலை மிகுந்த அக்கருவியின் எளிய வடிவத்தை இன்று நாமே செய்துகொள்ளலாம்.

'அர்டுயினோ ஊனோ' என்னும் சிறு பலகையில் மைக்ரோகண்ட்ரோலர் ஒன்றுண்டு. அது 0 முதல் 5 வோல்ட் வரையுள்ள அழுத்தத்தை 1,024 படிகளாகப் பகுத்து, நொடிக்கு ஏறத்தாழ 10,000 முறை அளந்து எண்ணாக்கும். கணிப்பொறி அவ்வெண்களைப் புள்ளிகளாக்கி இணைத்தால் அலை தோன்றும். நொடிக்கு 500 முறை அதிரும் ஒலியானால், அலை ஒன்றுக்கு 20 புள்ளிகள் கிடைக்கும், வடிவம் தெளிவாகும். மிக விரைந்த அலைகளுக்கு இது போதாது. வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். அதனை இதில் ஒருபோதும் இணைத்தலாகாது. உயிருக்கே கேடு விளையும்.

புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான துகள்முடுக்கி மையம் 2004-இல் 'பீனிக்ஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன் வழியே 'எக்ஸ்பைஸ்' என்னும் கருவி பிறந்தது. மைக்ரோகண்ட்ரோலரால் இயங்கும் அச்சிறு பெட்டி, கணிப்பொறியோடு இணைந்தால் அலைகாட்டியாகிவிடும். அதன் அமைப்பு வரைபடத்தையும் மென்பொருளையும் அம்மையத்தார் எல்லோர்க்கும் திறந்து வைத்தனர். அறிவுக்குப் பூட்டுப் போடாத அப்பண்பையே நாம் பெரிதும் போற்றுகிறோம்.

நாம் பி.ஏ. படித்தவர், மின்னணுவியல் அறியோம். ஆயினும் சென்ற ஆண்டு நம் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து கற்றோம். பெருக்கியோடு கூடிய ஒலிவாங்கி ஒன்றை அவர்கள் பலகையில் இணைத்தனர். முதல் நாள் கம்பி மாறிப்போய் ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி "அ" என்றாள். அவள் குரல் திரையில் அலையாய் எழுந்தது. அவள் அதனை விரலால் தொட்டுப் பார்த்தாள், தடுப்பார் எவருமிலர்.

இவ்வெள்ளிவிழா ஆண்டில் நம் சங்கத்தாரை ஒன்று வேண்டுகிறோம். மாலைப் படிப்பகத்தில் இப்பலகை ஒன்றும் பழைய கணிப்பொறி ஒன்றும் வையுங்கள். அவற்றுக்குப் பூட்டு வேண்டா. பழுதானால் பிள்ளைகளே பழுதுபார்க்கக் கற்பர்.