மரம் எழுதிய மழைக் கணக்கு
(அத்திபெலே கற்போர் வட்டத்தில் நிகழ்ந்த உரை)



போன ஆண்டு பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். ஐந்நூறு ஆண்டுக்கு முன் பெய்த மழையை யார் சொல்வார்? தேக்கு மரம் சொல்லும்.

அறுத்த தேக்குத் துண்டைப் பாருங்கள். வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் தெரியும். மழைக்காலத்தில் தேக்கு நன்றாக வளரும். வறண்ட காலத்தில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும். அதனால் ஆண்டுக்கு ஒரு வளையம் உண்டாகும். மழை பெய்தால் வளையம் அகலமாக இருக்கும். மழை பொய்த்தால் குறுகிவிடும்.

இதைப் பார்க்க மரத்தை வெட்ட வேண்டியதில்லை. சிறு துளை போட்டு, பென்சில் போன்ற ஒரு குச்சியை எடுத்தால் போதும். அதில் எல்லா வளையமும் இருக்கும்.

புனே நகரின் வானிலை விஞ்ஞானிகள் கேரளத் தேக்கு மரங்களை இப்படி ஆராய்ந்தார்கள். 1481 முதல் 2003 வரை, 523 ஆண்டுக் கணக்கு கிடைத்தது.

இந்திய வானிலைத் துறை தொடங்கியதே 1875-ல்தான். அடுத்த ஆண்டே தாது வருடப் பஞ்சம் வந்தது. மைசூர் ராஜ்யத்திலும் சென்னை மாகாணத்திலும் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். ஆசியாவில் 300-க்கும் மேற்பட்ட இடங்களின் மர வளையங்களை விஞ்ஞானிகள் ஒப்பிட்டார்கள். அந்த வறட்சி அவற்றில் பதிந்திருந்தது. அதற்கு முன், 1756 முதல் 1768 வரை நீடித்த வறட்சியும் தெரிந்தது.

இமயமலையில் மரங்கள் பனியின் கதையையும் சொல்கின்றன. கங்கை பிறக்கும் இடத்தில் கங்கோத்ரி பனியாறு இருக்கிறது. மலையிலிருந்து மெல்ல நகர்ந்து வரும் பனிக்கட்டிதான் பனியாறு. அது உருகிப் பின்வாங்கினால் கல்லும் மண்ணும் மிஞ்சும். அங்கே மரம் முளைக்கும். அந்த மரத்தில் நூறு வளையம் இருந்தால், பனி விலகி நூறு ஆண்டாவது ஆகியிருக்கும். லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்தார் இமயத்து மரங்களை ஆராய்ந்து வருகிறார்கள். 1935-க்குப் பின் கங்கோத்ரி பனியாறு ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருப்பது அளந்து கண்ட உண்மை.

இதனால் நமக்கு என்ன பயன்? மழை தொடர்ந்து பல ஆண்டுகள் பொய்த்ததும் உண்டு என்று மரம் சொல்கிறது. முன்பு வந்தது மீண்டும் வரலாம். நல்ல மழை பெய்த ஆண்டிலும் ஏரியை மறக்கக் கூடாது. தூர் வார வேண்டும். நீரைச் சேமிக்க வேண்டும்.

மரம் வளையத்தில் எழுதுகிறது. நீங்களும் இப்போது எழுதக் கற்றுவிட்டீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த ஆண்டு கிணறு வற்றியது? எந்த ஆண்டு ஏரி நிரம்பியது? அவர்கள் சொல்வதை நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் அதைப் படிப்பார்கள்.